நத்தை சொன்னதைக் கேட்க 38 ஆண்டுகள்

பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் கடல் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் குழுவில் அமரும் எல்லா நாட்டுப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

நான் கப்பல் துறையில் இருப்பவள் இல்லை, சட்டம் படித்தவளும் இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் கொஞ்ச காலம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து, பிடித்து வரும் கடல் நத்தைகளை உடைத்து, அளந்து, நோட்டில் குறித்து வைக்கும் வேலை பார்த்தவள். உங்களுக்கு எழுத எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான். ஆனால் அந்த நோட்டில் நான் எழுதிய எண்களுக்கும் உங்கள் கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானங்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, இதை எழுதிவிட வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நியூசெல்லா லேப்பில்லஸ் என்று ஒரு நத்தை. வட அட்லாண்டிக் கடலின் பாறைக் கரைகளில் இருப்பது. பெரியதே கட்டைவிரல் அளவுக்குள்தான் இருக்கும், ஓடு மட்டும் நல்ல தடிமன். பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசையும் மட்டியையும் துளைபோட்டுத் தின்னும். இதைப் பரிசோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மெக்னீசியம் குளோரைடு கரைசலில் போட்டு மயக்கி, ஓட்டை வைஸில் வைத்து மெதுவாக இறுக்கி, விரிசல் விட்டதும் சில்லுகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, உடலை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து வலது உணர்கொம்புக்குப் பின்னால் பார்க்க வேண்டும். ஆண் என்றால் அங்கே ஆண்குறி இருக்கும். பெண் என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். உள்ளே வெளிர்நிறத்தில் முட்டைக்கூடு செய்யும் சுரப்பி, அதை ஒட்டி அடர்பழுப்பில் இன்னொரு சின்னச் சுரப்பி, இவற்றை வைத்துப் பெண் என்று உறுதி செய்யலாம்.

அன்று என் முன்னால் இருந்த நத்தையில் இரண்டு சுரப்பிகளும் இருந்தன. பெண்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வலது உணர்கொம்புக்குப் பின்னால் ஆண்குறியும் இருந்தது, அளவுகோலை வைத்து அளக்கும் அளவுக்கு. அங்கிருந்து கிளம்பிய விந்துக்குழாய் முட்டை வெளியே வர வேண்டிய வாயின் மேலேயே வளர்ந்து அதை அடைத்துவிட்டிருந்தது. சுரப்பியை லேசாகக் கீறிப் பார்த்தால், வெளியே வர வழியில்லாத முட்டைக்கூடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடைந்து, கருத்து, இறுகி ஒரே கட்டியாகக் கிடந்தன. கூட இருந்த மூத்த ஆய்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறாம் நிலை, எழுதிக்கோ" என்றார். பாதிப்பைப் பூஜ்யத்திலிருந்து ஆறுவரை குறிப்போம், ஆறுதான் கடைசி. நான் எழுதினேன். அந்த நிலைக்கு வந்த பெண் நத்தை இனி முட்டையிடாது. அந்தக் கட்டி சுரப்பியையே கிழித்துக் கொன்றும் விடும். அந்த வாரம் முழுக்க நான் எழுதியதில் பெரும்பாலும் ஐந்தும் ஆறும்தான்.

இந்தக் கோளாறுக்கு இம்போசெக்ஸ் என்று பெயர், பெண்ணுடலின் மேல் ஆணுறுப்பு சுமத்தப்படுவது என்ற அர்த்தத்தில். சுமத்தியது கப்பல் பெயிண்ட். நீங்கள் அறியாதது இல்லை, இருந்தாலும் இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீரில் கிடக்கும் எந்தக் கப்பலின் அடியிலும் பாசியும் கொட்டலசும் ஒட்டும். ஒட்டினால் இழுவை கூடும், எரிபொருள் கண்டபடி செலவாகும். அதைத் தடுக்க, வெள்ளீயம் சேர்ந்த டி.பி.டி. என்ற ட்ரைபியூட்டைல் டின் நஞ்சை 1960களிலிருந்து அடிப்பகுதிப் பெயிண்டில் சேர்த்தார்கள். 1970களில் அது இன்னும் கைதேர்ந்த வடிவத்துக்கு வந்தது: மேல்படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, அடியிலிருந்து புது நஞ்சு வெளியே வந்துகொண்டே இருக்கும், ஐந்து வருஷம்வரை கப்பலை உலர்துறையில் ஏற்றி மறுபடி பெயிண்ட் அடிக்கத் தேவையில்லை. கப்பல்காரர்களுக்கு அது வரம். ஆனால் கரைந்தது எல்லாம் கடலுக்குள்தானே போக வேண்டும்.

எவ்வளவு கரைந்தால் ஒரு நத்தைக்குக் கேடு? ஒரு லிட்டர் நீரில் 1 நானோகிராம் போதும், பெண் நத்தையில் மாற்றம் தொடங்கிவிடும். ஒரே ஒரு கிராம் டி.பி.டி.யை 400 ஒலிம்பிக் நீச்சல்குளங்களில் கலந்தால் கிடைக்கும் அளவு அது. 3லிருந்து 5 நானோகிராம் ஆனால் மலடாகத் தொடங்கும். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது பூஜ்யங்களை எங்கோ தவறவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். தவறவில்லை.

சரி, இப்போது நான் கோபப்படும் இடத்துக்கு வருகிறேன்.

1970இல் ஸ்டீபன் பிளேபர் என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் நத்தைகளில் ஆண்குறி போன்ற வளர்ச்சி இருப்பதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஸ்மித் என்பவர் சேற்றில் வாழும் வேறொரு நத்தையில் அதையே கண்டு, இம்போசெக்ஸ் என்ற பெயரையும் வைத்தார். படகுத்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் நத்தைகளில்தான் இது அதிகம் என்றும், காரணம் வெள்ளீயப் பெயிண்ட் என்றும் 1981இல் அவரே எழுதிவிட்டார். 1986இல் பிரையன், கிப்ஸ் ஆகியோரின் குழு தென்மேற்கு இங்கிலாந்துக் கரை நெடுக நத்தைகள் குறைந்துபோயிருப்பதையும் அதற்கு டி.பி.டி. காரணம் என்பதையும் காட்டியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் முதல் தடை நத்தைக்காக வரவில்லை. பிரான்ஸில் ஆர்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பவர்களின் பிழைப்பு கெட்டது, குஞ்சுகள் நிற்கவில்லை, வளர்ந்த சிப்பிகளின் ஓடு உருண்டு தடித்து விற்க முடியாமல் போனது, அப்போதுதான் 1982இல் அந்த நாடு 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அந்தப் பெயிண்டைத் தடை செய்தது. சிப்பிக்குச் சந்தை இருந்தது, நத்தைக்கு இல்லை. 1987இல் பிரிட்டன், 1988இல் அமெரிக்கா என்று ஒவ்வொன்றாக வந்தன, எல்லாமே முக்கியமாகச் சின்னப் படகுகளைக் குறிவைத்து. பெரிய கப்பல்கள் அதே பெயிண்டோடு எல்லாத் துறைமுகங்களுக்கும் போய் வந்துகொண்டிருந்தன. எல்லாக் கப்பல்களுக்கும் அந்தப் பெயிண்டைத் தடை செய்யும் உடன்படிக்கை உங்கள் அமைப்பில் கையெழுத்தானது 2001 அக்டோபரில். அது நடைமுறைக்கு வந்தது 2008 செப்டம்பர் 17ஆம் தேதி, ஏனென்றால் 25 நாடுகளும் உலகக் கப்பல் கொள்ளளவில் 25 சதவீதமும் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1970இலிருந்து 2008. எனக்கு அந்த 38 ஆண்டுகள்தான் உறுத்துகின்றன. அந்த இடைவெளியில் 200க்கும் மேற்பட்ட நத்தையினங்களில் இந்தக் கோளாறு பதிவாகிவிட்டது. ஜப்பானில் உணவுக்காகப் பிடிக்கும் பாபிலோனியா ஜப்போனிகா என்ற நத்தையும் அதில் ஒன்று, அதன் சூலகமே சரியாக முதிராமல் போனது.

இந்தத் தாமதம் ஒரு நத்தைக்கு என்ன அர்த்தம் என்பதை உங்கள் அறையில் யாராவது பொறுமையாகச் சொல்லியிருப்பார்களா தெரியாது, நான் சொல்கிறேன். நியூசெல்லாவின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து போவதில்லை. தாய் பாறை இடுக்கில் கோதுமை மணி போல மஞ்சள் முட்டைக்கூடுகளை ஒட்டி வைக்கும். ஒவ்வொரு கூட்டிலும் சில நூறு முட்டைகள் இருந்தாலும் பெரும்பாலானவை மற்றவற்றுக்குச் சாப்பாடு. மிஞ்சுவது சில பத்துகள்தான், அவையும் மாதக்கணக்கில் கழித்து, நடக்கத் தெரிந்த குட்டி நத்தைகளாக அந்தக் கூட்டிலிருந்து அதே பாறைக்கே இறங்கும். ஆக ஒரு பாறையில் பெண்கள் எல்லாம் மலடாகிவிட்டால் பக்கத்துக் கரையிலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து நிரப்பாது. இருக்கும் கிழங்கள் ஒவ்வொன்றாகச் செத்துத் தீர்ந்ததும் பாறை காலி. அப்புறம் தண்ணீர் எவ்வளவு சுத்தமானாலும், எங்கிருந்தாவது ஊர்ந்து வந்தால்தான் உண்டு. ஒருமுறை வளர்ந்துவிட்ட ஆணுறுப்பு அந்தப் பெண்ணின் ஆயுளுக்கும் போகாது, பிறகு பிறக்கும் தலைமுறைதான் நலமாக இருக்க முடியும்.

இங்கிலாந்தின் கென்ட் கரையில் டம்ப்டன் கேப் என்று ஓர் இடம். சுற்றுவட்டாரத்தில் நத்தைகள் அழிந்துகொண்டிருந்தபோது அங்கே மட்டும் தாக்குப்பிடித்தன. என்னவென்று பார்த்தால், அங்கே சில ஆண் நத்தைகளுக்குப் பிறவியிலேயே ஆண்குறி சரியாக வளரவில்லை. ஒரு மரபணுக் குறை. அதே குறை பெண்களிலும் இருந்ததால் டி.பி.டி. தூண்டினாலும் அவற்றில் அந்த உறுப்பு முழுதாக வளரவில்லை, முட்டை வாய் அடைபடவில்லை, முட்டையிட்டன. டம்ப்டன் நோய்க்குறி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆணுக்குக் குறை என்று கருதப்படும் ஒன்றுதான் கடைசியில் அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றியது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறவிக் குறை இருந்தால்தான் பிழைக்கலாம் என்ற அளவுக்கு ஒரு கடற்கரையைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

இதெல்லாம் நடந்து முடிந்த கதைதானே, தடைதான் வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். தடை பலன் தந்தது. அதை மனதாரச் சொல்கிறேன், நன்றியும் சொல்கிறேன். பிரிட்டன் கரைகளில் பல இடங்களில் இம்போசெக்ஸ் இறங்கியது, காலியான பாறைகளுக்கு நத்தைகள் திரும்பி வந்தன. ஷெட்லாண்டில் எண்ணெய்க் கப்பல்கள் வந்து போகும் சல்லம் வோ பகுதியில் ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவுகளும் அதைத்தான் காட்டுகின்றன. ஒரு சர்வதேசச் சட்டம் ஒரு சின்ன உயிரின் கருப்பையைத் திறந்துவிட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதனால்தான் மீதியை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

டி.பி.டி. தண்ணீரில் சில நாட்களில், வாரங்களில் சிதைந்துவிடும். துறைமுகச் சேற்றில் இறங்கிவிட்டால் வருடங்கள், பத்தாண்டுகள் கூட அப்படியே கிடக்கும். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தூர்வாரும்போது அந்தச் சேறு கலங்கி மேலே வருகிறது. உங்கள் உடன்படிக்கை பழைய வெள்ளீயப் பெயிண்டைச் சுரண்டி எடுக்கச் சொல்கிறது, இல்லாவிட்டால் அதன் மேல் நஞ்சு கசியாதபடி ஒரு தடுப்புப் பூச்சு அடித்தால் போதும் என்கிறது. அவசரத்துக்கு அது சரியான ஏற்பாடாக இருந்திருக்கலாம். ஆனால் அப்படி மூடி வைத்த பழைய படலம் எதுவாக இருந்தாலும், கப்பலைச் சுரண்டும் நாளிலோ உடைக்கும் நாளிலோ பெயிண்ட் சில்லாக எங்கோ ஒரு கரையில் உதிரப்போகிறது. அந்தச் சில்லு எங்கே போகிறது என்பதற்குக் கணக்கு வேண்டும்.

அப்புறம் சின்னப் படகுகள். 400 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் சர்வதேசப் பயணம் போனால் ஆய்வும் சான்றிதழும் உண்டு. அதற்குக் கீழே, 24 மீட்டருக்கு மேல் என்றால் உரிமையாளர் கையெழுத்திட்ட ஓர் அறிவிப்பு. அதற்கும் கீழே எந்தக் காகிதமும் இல்லை. போர்க்கப்பல்களுக்கு உடன்படிக்கையே பொருந்தாது. தடை வந்து ஆண்டுகள் கழித்தும் டி.பி.டி. பெயிண்ட் கடைகளில் விற்கப்படுவதாக 2014இல் ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. யாரும் பார்க்காத படகுக்கு யார் எதை அடிக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, இந்த மடலையே அதற்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் உடன்படிக்கை ஒரு கறுப்புப் பட்டியல். அதில் பெயர் வராத எந்த நஞ்சையும் அதைப் பொறுத்தவரை கப்பலுக்கு அடிக்கலாம். பெயரைச் சேர்க்க வேண்டுமானால் கேடு விளைகிறது என்று ஒரு நாடு ஆதாரத்தோடு வர வேண்டும், நிபுணர் குழு உட்கார வேண்டும், விரிவான முன்மொழிவு வர வேண்டும், வாக்கு வேண்டும். கையெழுத்தாகி இருபது ஆண்டுகளில் அந்தப் பட்டியலில் எத்தனை பெயர்கள் சேர்ந்தன? வெள்ளீயத்துக்குப் பிறகு ஒன்றே ஒன்று, சைபியூட்ரின். செடிகளின் ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் களைக்கொல்லி அது, செம்புப் பெயிண்டில் துணை நஞ்சாகச் சேர்த்தார்கள். பிரான்ஸின் தென்கரைத் துறைகளில் அது நீரில் கலந்திருப்பதை 1993இலேயே வெளியிட்டுவிட்டார்கள். உங்கள் தடை 2021இல் முடிவாகி 2023 ஜனவரியில் வந்தது. மறுபடியும் முப்பது வருஷம்.

ஒரு நஞ்சுக்கு முப்பது நாற்பது ஆண்டு என்றால், இன்று அடிக்கும் பெயிண்டில் இருப்பதன் முடிவு என் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் வரும். உடன்படிக்கையின் ஆறாம் பிரிவே, மீளமுடியாத கேடு வரும் அபாயம் இருந்தால் முழு அறிவியல் நிச்சயம் இல்லை என்பதைக் காரணம் காட்டி மதிப்பீட்டை நிறுத்தக்கூடாது என்ற பொருளில் பேசுகிறது. நல்ல வரி அது. அதை ஒரு படி முன்னால் நகர்த்துங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பெயிண்ட் கடலுக்குப் போன பிறகு அந்த வரி வேலை செய்தால் போதாது.

கப்பலுக்கு ஒன்றுமே அடிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அடிப்பகுதி அழுக்கேறிய கப்பல் கூடுதலாக எண்ணெய் எரித்துப் புகை கக்கும், ஒட்டிக்கொண்ட உயிர்களை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டுபோய் இறக்கும், இரண்டுமே பெரிய கேடுகள். நஞ்சில்லாமல் வழுக்கிவிடும் சிலிக்கோன் பூச்சுகள் இருக்கின்றன, நீருக்கடியில் சுரண்டி அந்தக் கழிவைச் சேகரிக்கும் முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குச் செலவாகும் என்பதும் தெரியும். நஞ்சு கலந்தே ஆக வேண்டும் என்றால் அதைக் கலப்பவர், நத்தை இனப்பெருக்கத்துக்குக் கேடில்லை என்று முதலில் காட்டட்டும் என்கிறேன்.

சாகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. டி.பி.டி. 1 நானோகிராமில் நத்தையைக் கொல்லவில்லை. நத்தை தின்றது, ஊர்ந்தது, பார்வைக்கு நன்றாகவே இருந்தது. குட்டி மட்டும் இல்லை. அந்த நஞ்சு போய் உட்கார்ந்தது உயிரணுக்களில் ஹார்மோன் போன்ற செய்திகளை வாங்கும் ரெட்டினாய்டு எக்ஸ் என்ற ஏற்பியில் என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல்தான் காட்டினார்கள், அதுவரை வேறு விளக்கங்களோடுதான் எல்லோரும் இருந்தோம். அந்த ஏற்பி முதுகெலும்புள்ள உயிர்களிலும் இருக்கிறது, உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும். 2006இல் கர்ப்பத்திலேயே டி.பி.டி.க்கு ஆளான சுண்டெலிக் குட்டிகளுக்குக் கொழுப்பு கூடியதையும் காட்டிவிட்டார்கள். நத்தையோடு நின்றுவிடும் விஷயமாக இதை யாரும் எண்ண வேண்டாம்.

சோதனை முறை இல்லை என்று சொல்ல முடியாது. நன்னீர் நத்தைகளை வைத்து இனப்பெருக்கத்தை அளக்கும் இரண்டு முறைகளை ஓ.இ.சி.டி. எனும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2016இல் வழிகாட்டியாக வெளியிட்டுவிட்டது. அவற்றோடு ஒரு கடல் நத்தையையும் சேர்த்து, கப்பல் பெயிண்டில் போகும் ஒவ்வொரு உயிர்க்கொல்லிக்கும், செம்பும் அதன் துணை நஞ்சுகளும் உட்பட, கட்டாயமாக்குங்கள். முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். சோதனைக்கு வராததற்கு ஒரு கெடு வைத்து, கெடு தாண்டினால் தடை என்று எழுதுங்கள். 24 மீட்டருக்குக் கீழே இருக்கும் படகுகளுக்கு ஒரு பக்க அறிவிப்பாவது வேண்டும், பெயிண்ட் டப்பாவில் இருப்பதன் பெயரோடு.

இன்னொன்று, இதற்குக் காசே பெரிதாக ஆகாது. துறைமுகம் உள்ள ஒவ்வொரு உறுப்பு நாடும் வருஷத்துக்கு ஒருமுறை தன் கரையில் சில நத்தைகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இனம் அங்கே இருக்கிறதோ அது. வேண்டியது ஒரு வைஸ், ஒரு நுண்ணோக்கி, ஓர் அளவுகோல், பொறுமையான ஓர் ஆள். அவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை பார்த்தோம். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் தண்ணீரில் கண்டுபிடிக்கத் திணறும் அளவை ஒரு பெண் நத்தை தன் உடம்பில் எழுதி வைத்திருக்கும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதை யாராவது ஒரு நாடு முன்மொழிய வேண்டும். எந்த நாடு என்றாலும் சரி. முன்மொழியப்போகிறவர் விரும்பினால், பூஜ்யத்திலிருந்து ஆறுவரை நிலைகளை எப்படிப் பார்த்துக் குறிப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர நான் தயார். ஒரு மதியம் போதும்.

இப்படிக்கு,
நத்தை நோட்டில் எண் எழுதியவள்